கஞ்சி போட்ட வேட்டியும் கண்மாயில் இறங்கிய ஹெலிகாப்டரும்

என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உண்டு. இரண்டிலும் அவர் இடுப்பில் வேட்டி இருக்காது. முதல் கதையை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டது. இரண்டாவதை ஆம்பளைகள் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கு அவர்கள் இடுப்பில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

என் பெயர் ஞானபூரணி. திருத்தங்கலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் பெயர் சவரிராஜ். ஆமத்தூர்ப் பக்கம் கரட்டுப்பட்டிதான் அவருக்குச் சொந்த ஊர். ஒல்லியான ஆள், நல்ல உயரம், தலையில் எண்ணெய் வழிய வழிய வாரியிருப்பார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

முதல் கதை ஐம்பத்தெட்டாம் வருஷத்து தீபாவளி சீசனில் நடந்தது. எங்களுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேருகிற ஆம்பளைக்கு, மருந்து கலக்குவதற்கும் திரி வைப்பதற்கும் முன்னால் போர்மேன் ஒரு பாடம் சொல்லித்தருவார். "துணியில பொறி விழுந்தா தட்டி அணைக்காத, குனிஞ்சு பாக்காத. வேட்டிய அவுத்துப் போட்டுட்டு ஓடு." அதோடு ஒட்டிய இன்னொரு பாடமும் உண்டு. "வேற எவனாச்சும் வேட்டியில்லாம தெரிஞ்சா ஏன் எதுக்குன்னு கேக்காத. கையில இருக்கதத் தண்ணி வாளியில போட்டுட்டு, உன் வேட்டியையும் உதறிட்டு நீயும் ஓடு." இதைத் தினம் காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு தடவை சொல்லுவார்களாம். எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எப்படியோ, அந்த ஆட்களுக்கு இது அப்படி.

ஒரு நாள் சாயங்காலம் இவர் மத்தாப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொடைமேல் சிவப்பாக ஏதோ மின்னியிருக்கிறது. சொல்லிக்கொடுத்ததை மனிதர் அப்படியே செய்தார். வேட்டி அங்கே கிடக்க, கோடு போட்ட பட்டாபட்டி டிராயரோடு, பெண்கள் வேலை பார்க்கும் செட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, திருத்தங்கல் ரோட்டில் போய்த்தான் நின்றார். அவரைப் பார்த்துக் கம்பெனியே காலியாகி ரோட்டுக்கு வந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து போர்மேன் மணல் வாளியோடு பதுங்கிப் பதுங்கி உள்ளே போய், விரல் நுனியில் எதையோ ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பெட்டியில் ஒட்டுகிற ஜிகினாத் தாளில் நகக்கண் அளவு ஒரு துண்டு. சாய்ந்த வெயில் அதன்மேல் பட்டு மின்னியிருக்கிறது.

அன்றிலிருந்து அவர் 'ஜிகினா சவரி' ஆனார். அந்தப் பெயரை வைத்தவர் கோட்டைச்சாமி. இவருக்கு அதே ஊர், அதே கம்பெனி, ராக்கெட் செய்வதில் கெட்டிக்காரர். அன்றைக்கு அவரும் டிராயரோடுதான் ரோட்டில் நின்றார். ஆனால் பெயர் வைக்கிறவனுக்கு ஊர் பெயர் வைப்பதில்லை.

எனக்கு இவரைப் பேசி வந்தபோது அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்பா உபதேசியார். மாப்பிள்ளை வீட்டார் ஆர்.சி., நாங்கள் சி.எஸ்.ஐ. அதைக்கூட ஜெபம் பண்ணிச் சமாளித்துவிட்டார். ஜிகினாவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தாளப் பாத்துப் பயந்து ஓடுனவனுக்கா ஏம் பொண்ணக் குடுக்க?" என்றார்.

எங்கள் தெருவில் பட்டாசுக் கம்பெனித் தைரியசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய போட்டோக்களுக்கு மாலை போட்டு அந்தந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நான் அப்பாவிடம் சொன்னேன்: "ஓடத் தெரிஞ்சவருதாம்ப்பா முழுசா வீட்டுக்கு வருவாரு. எனக்கு அது போதும்."

மறுவாரம் நிச்சயம் பண்ணினார்கள்.

கல்யாணம் ஆகி கரட்டுப்பட்டிக்கே குடிவந்த பிறகு, கேலி தாங்காமல் இவர் பட்டாசுக் கம்பெனியை விட்டுவிட்டு, காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் லாரிக்கு லோடு ஏற்றப் போனார். நானும் நிம்மதியாக இருந்தேன். காலண்டர் தலையில் விழுந்தால் வீங்கும், அவ்வளவுதானே.

அந்த நிம்மதியைக் கெடுக்க அறுபத்தாறாம் வருஷம் கோடையில் ஹெலிகாப்டர் வந்தது. அப்போது கரட்டுப்பட்டியில் கிணற்றுக்குக் கிணறு கரண்டு வந்து, மோட்டார் வைத்து, கோடையிலும் பருத்தி போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த வருஷம் பருத்தியில் காய்ப்புழு விழுந்து, கையால் மருந்தடித்துக் கட்டுப்படவில்லை. விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் எல்லாரும் சேர்ந்து, வானத்திலிருந்து மருந்து தெளிக்கிற ஒரு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஊரில் யாருக்கும் ஹெலிகாப்டர் என்று சொல்ல வரவில்லை, 'எலிகாப்டர்' என்றார்கள். நான் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் நானே வீட்டில் 'எலி எப்ப வருது' என்று கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

இடம் பார்ப்பதற்காக முதலில் ஜீப்பில் வந்தார் பைலட். பெயர் குரியன். மலையாளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். எங்கே திரும்பினாலும் பருத்தி, இல்லாவிட்டால் கரண்டு கம்பி. காலியாகக் கிடந்த சமதரை ஒன்றே ஒன்றுதான், தண்ணீர் வற்றிய கண்மாய். மூன்று பக்கம் உயர்ந்த கரை, கரை நெடுகப் பனைமரம், நாலாவது பக்கம் பாறைக் கரடு. மருந்து கலக்க உள்ளேயே கிணறும் இருந்தது. குரியன் கரைமேல் நின்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேறு வழியும் இல்லை.

"கீழே நின்னு கொடி பிடிக்க உள்ளூர் ஆள் ஒருத்தர் வேணும்" என்றார். "நான் இறங்கும்போது ஏதாவது கோளாறுன்னா என்ன செய்வீங்க?"

"உசுரே போனாலும் நின்ன எடத்த விட்டு அசைய மாட்டேன் சார்" என்றார் கோட்டைச்சாமி. கூட நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பிரஸ் லாரி வாடகைக்கு வந்ததால், மருந்து டிரம் இறக்க அதோடு வந்திருந்த என் வீட்டுக்காரரையும் குரியன் கேட்டார்.

"ஓடிருவேன் சார்" என்றார் இவர்.

ஊரே சிரித்தது. குரியன் மட்டும் சிரிக்காமல், "எப்போ ஓடுவே?" என்று கேட்டார்.

"ஓட வேண்டிய நேரம் வந்தா ஓடுவேன். அதுவரைக்கும் நிப்பேன்."

"இந்த ஆள் போதும்" என்று சொல்லிவிட்டார் குரியன். கோட்டைச்சாமிக்கு முகம் செத்துவிட்டது.

அன்றைக்கு மதியம் குரியனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அயிரை மீன் குழம்பு வைத்திருந்தேன், முருங்கைக்காயும் பொரித்திருந்தேன். மனிதர் சாப்பிடுவதற்குப் பதிலாகத் தட்டிலேயே கண்மாய் கட்ட ஆரம்பித்துவிட்டார். சோற்றைச் சுற்றிக் கரையாக ஒதுக்கி, அதில் முருங்கைக்காய்த் துண்டுகளைப் பனைமரமாகக் குத்தி, நடுவில் ஒரு பள்ளம் பறித்தார்.

"வெட்டவெளியில எஞ்சின் நின்னாக்கூடப் பயமில்ல. விசிறி காத்துலயே சுத்திக்கிட்டிருக்கும், ஒரு வயல்ல போய் உட்கார்ந்துடலாம். இந்த மாதிரிக் குழிக்குள்ள இறங்கும்போதுதான் ஆபத்து. வண்டியோட காத்தே கரையில முட்டித் திரும்பி வந்து வண்டியை அமுக்கும். பின்னால வால்ல ஒரு சின்ன விசிறி இருக்கு. எனக்கு அது கண்ணுக்குத் தெரியாது. அது ஒரு மட்டையைத் தொட்டாப் போதும், வண்டி பம்பரமாச் சுத்தி விழுந்துடும்."

"மேல ஏறிற முடியாதா சார்?" என்று இவர் கேட்டார்.

"குளிர்ந்த காத்துல ஏறலாம். வெயில் ஏற ஏறக் காத்து இளகிடும், வண்டியைத் தாங்காது. அதனாலதான் நான் விடியும்போதே வருவேன். ஆனா பனை உச்சிக்குக் கீழே வந்துட்டா, நான் இறங்கித்தான் ஆகணும்." குரியன் இவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு கொடியும் நேரா மேலே இருந்தா, இறங்குன்னு அர்த்தம். ஆட்டினா, மேலே போன்னு அர்த்தம். பனைக்குக் கீழே நான் வந்த பிறகு நீ கொடியை ஆட்டினாலும், போட்டுட்டு ஓடினாலும், நான் மேலே ஏறப் பார்ப்பேன். அது ஏறாது. போன வருஷம் வேற ஊர்ல ஒரு கொடிக்காரன் ஓடிட்டான். எங்க கம்பெனி பைலட் பையன் ஒருத்தன் விழுந்து செத்துட்டான்."

நான் குழம்புச் சட்டியை நங்கென்று கீழே வைத்தேன். ஓடுவார் என்று நம்பித்தான் நான் இவருக்குக் கழுத்தை நீட்டினேன். ஓடக்கூடாத வேலையை வீடு தேடி வந்து கொடுக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குரியன் மீனை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கோட்டயத்துல என் வீட்டுக்காரி குடம்புளி போட்டு வைப்பா. இது வேற மாதிரி நல்லாயிருக்கு" என்றார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு சீசன் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் அவ என்னை வாசல்லயே நிறுத்திடுவா. கை, கால், காது, மூக்கு எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் உள்ளே விடுவா."

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் மீன் வைத்தேன்.

அதற்குப் பிறகு இவர் பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு, குரியன் சொன்ன ஒவ்வொன்றையும் விரட்டி விரட்டிச் செய்தார். பனைகளில் தொங்கின காய்ந்த மட்டைகளை வெட்டச் சொன்னார். கண்மாய்க்குள் கிடந்த சாக்கு, வைக்கோல் எல்லாவற்றையும் பொறுக்கினார். தளர்வாகக் கிடக்கிற துணி எதுவானாலும் காற்றில் கிளம்பி மேலே போய் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்று குரியன் சொல்லியிருந்தார். அதனால் பொம்பளைகளிடம் போய், "முந்தானைய இறுக்கிச் சொருகிட்டு வாங்க தாயி" என்று வீடு வீடாகச் சொன்னார். மேலே இருப்பவருக்குக் கரண்டு கம்பி தெரியவே தெரியாதாம். அதற்கு அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லைன்மேனைப் பிடித்துக் கரண்டை நிறுத்தச் சொல்லி, கம்பம் கம்பமாக ஜிகினாத் தாளைச் சரம் சரமாகக் கட்டவைத்தார். பிரஸ்ஸிலிருந்து கேட்டு வாங்கி வந்த தாள். வெயிலில் கரட்டுப்பட்டி மொத்தமும் கல்யாண வீடு போலத் தகதகவென்று மின்னியது.

"ஏலே, நீ பயந்த சாமானாலயே ஊர ஜோடிச்சிட்டியேடா" என்றார் கோட்டைச்சாமி. இவர் சிரித்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார்.

ஹெலிகாப்டர் வருகிற அன்று எங்கள் வீட்டில் உடுப்புக்காக ஒரு சண்டை. கம்பெனி கொடுத்த காக்கிக் கால்சட்டை யாரோ பயில்வானுக்குத் தைத்தது. அதில் இவரும் நானும் சேர்ந்து நுழைந்தாலும் இடம் மிஞ்சும். ஊரே கரையில் நின்று பார்க்கப்போகிறது, ஜிகினா சவரி என்று சிரித்த அத்தனை பேரும் பார்க்கப்போகிறார்கள். என் வீட்டுக்காரர் சாக்குக்குள் இறக்கிய குச்சி மாதிரி நிற்பதா? கல்யாணத்துக்கு எடுத்த பச்சைக்கரை வேட்டியை முந்தின நாளே துவைத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, விறைக்க விறைக்கக் காயவைத்து எடுத்துக் கொடுத்தேன்.

"கஞ்சி போட்ட வேட்டி இடுப்புல நிக்காது டீச்சர்" என்றார். கேலியாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

"இறுக்கிக் கட்டுங்க. அங்கன என்ன சடுகுடுவா ஆடப் போறீக. நின்ன எடத்துல நிக்கிற வேலதான?"

"ஒரு பெல்ட் கெடைச்சா..."

"பெல்ட்டும் பூட்ஸும் அடுத்த சீசனுக்குப் பாத்துக்கிடலாம். கெளம்புங்க."

விடியும்போது வரவேண்டிய ஹெலிகாப்டர் வரவில்லை. மதுரையில் ஏதோ ரிப்பேர் என்று போஸ்ட் ஆபீஸுக்குப் போன் வந்தது. வெயில் ஏறியது. தூசி கிளம்பாமல் இருக்க மாட்டுவண்டியில் டிரம் வைத்துத் தெளித்திருந்த தண்ணீரெல்லாம் காய்ந்து போனது. ஆனால் கரையிலிருந்து ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. உச்சி வெயிலில், ஆமத்தூர்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

நான் கிழக்குக் கரையில் பொம்பளைகளோடு நின்றிருந்தேன். என் பக்கத்தில் கோட்டைச்சாமியின் மனைவி வள்ளித்தாய். அவள் என் காதில், "டீச்சர், இப்பப் பாருங்க வேடிக்கைய. சவரி அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிராதீக. பயந்துக்கிருவாகன்னு இவுகதான் மறைச்சு வைக்கச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு, எதிர்த்த கரையைக் காட்டினாள்.

மேற்குக் கரையில் ஆம்பளைகள் நின்றார்கள், பாதிக்கு மேல் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் மூங்கில் குழாய்களை வரிசையாக நட்டு, குழாய்க்கு ஒன்றாக ராக்கெட்டைச் சொருகி, எல்லாவற்றையும் ஒரே திரியில் கோத்திருந்தார்கள். கோட்டைச்சாமி கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது, கம்பெனிப் பழக்கத்தில் காலடியில் ஒரு தண்ணீர் வாளி.

எங்கள் ஊரில் மந்திரி வந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும் சாமி சப்பரம் வந்தாலும் வெடி போட்டுத்தான் மரியாதை. அதைச் செய்யாமல் ஒருவரை ஊருக்குள் விடுவது எங்கள் ஆட்களுக்கு அவமானம். வானத்திலிருந்து வருகிறவருக்கு வானத்திலேயே மரியாதை செய்ய வேண்டும் என்று கோட்டைச்சாமி யோசித்திருக்கிறார். கம்பியைப் பார்த்தோம், மரத்தைப் பார்த்தோம், தூசியைப் பார்த்தோம். இந்த மரியாதையை யாரும் யோசிக்கவில்லை.

ஹெலிகாப்டர் தலைக்குமேல் வந்துவிட்டது. பெரிய கண்ணாடிக் கூண்டும் பின்னால் எலும்புக்கூடு மாதிரி ஒரு வாலும். கண்மாய் நடுவில் என் வீட்டுக்காரர் இரண்டு கொடிகளையும் நேராகத் தூக்கிப் பிடித்து நின்றார். அது மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பனை உச்சி வரை வந்தது. உச்சிக்குக் கீழேயும் வந்துவிட்டது.

இறங்குகிற வண்டி உள்ளே வந்ததும் பற்றவைப்பதென்று கோட்டைச்சாமி திட்டம் போட்டிருக்கிறார். ஊதுபத்தியை வாயால் ஊதிக்கொண்டே திரியிடம் குனிந்தார். நான் கத்தினேன். பக்கத்தில் நின்ற வள்ளித்தாய்க்கே கேட்கவில்லை. அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் வாய் அசைவதுதான் தெரியும்.

இவர் பார்த்துவிட்டார். அவர் தலை மேற்குக் கரைப் பக்கம் லேசாகத் திரும்பியதை நான் கண்டேன். அந்த ராக்கெட்டுகளில் ஒன்று விசிறியில் பட்டால் வண்டி அவர் தலைமேல் விழும். பட்டாசு மருந்து எப்படி எரியும் என்று எங்களை விட யாருக்குத் தெரியும்? கோட்டைச்சாமியைத் தடுக்கக் கையை ஆட்டினால், குரியன் அதைக் கொடி ஆட்டுவதாக நினைத்து மேலே ஏறப் பார்ப்பார். ஓடினாலும் அதேதான். ஓட வேண்டிய நேரம் வந்துவிட்டது, ஆனால் ஓடினால் மேலே இருக்கிற ஆள் போய்விடுவார். "ஓடுங்க, ஓடுங்க" என்று நான் பைத்தியம் மாதிரிக் கத்தினேன். யார் செத்தால் எனக்கென்ன, என் புருஷன் முழுசா வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தேன். அதை மறைத்து இப்போது நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை.

அவர் அசையவில்லை. கொடிகள் இரண்டும் நேராக நின்றன.

அப்போது ஹெலிகாப்டரின் காற்று தரையில் அடித்துப் பரவியது. என் பச்சைக்கரை வேட்டி குடை மாதிரி உப்பியது. கஞ்சி போட்ட துணிக்கு இடுப்பில் பிடிப்பு ஏது. முடிச்சு அவிழ்ந்து, அப்படியே உருவிக்கொண்டு இறங்கியது. தளர்ந்த துணி விசிறிக்குப் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. கொடியைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், இறங்கின வேட்டியின் ஓரத்தை வலது காலால் ஓங்கி மிதித்து, மேலே இடது காலையும் வைத்து நின்றுகொண்டார். வேட்டி காலடியில் படபடவென்று அடித்தது. உச்சி வெயிலில், ஊர் நடுவில், கோடு போட்ட பட்டாபட்டி டிராயரோடு நின்றார் என் வீட்டுக்காரர்.

கோட்டைச்சாமி திரியில் ஊதுபத்தியை வைக்கப்போன நேரம், எதேச்சையாக நிமிர்ந்தார். கண்மாய்க்குள் ஒரு ஆம்பளை வேட்டியில்லாமல் நிற்பது தெரிந்தது.

அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்றுதானே தினம் காலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊதுபத்தி தண்ணீர் வாளிக்குள் போனது. அவருடைய வேட்டி கரையில் விழுந்தது. மனிதர் கரைக்கு அந்தப்புறம் குதித்து ஓடினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர், அவரைப் பார்த்து அடுத்தவர். கண் மூடித் திறப்பதற்குள் மேற்குக் கரை முழுவதும் வேட்டிகள்தான் கிடந்தன, ஆள் ஒருத்தரும் இல்லை. தூரத்தில் பருத்திக் காட்டுக்குள் பச்சையும் நீலமுமாக டிராயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிழக்குக் கரையில் பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த இரண்டு கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெலிகாப்டர் கோழி முட்டையில் உட்காருகிற மாதிரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. விசிறி நின்ற பிறகுதான் இவர் கொடியை இறக்கி, குனிந்து வேட்டியை எடுத்துக் கட்டினார். குரியன் இறங்கி வந்தார். ஆளில்லாத கரையையும் அதில் கிடந்த வேட்டிகளையும் பார்த்துவிட்டு, "என்ன சவரி, உங்க ஊர் மரியாதை இப்படித்தானா?" என்று சிரித்தார். அப்புறம்தான் மூங்கில் குழாய்களைப் பார்த்தார். கரையேறிப் போய் ஒரு ராக்கெட்டை உருவி, திரியைத் தொட்டு, மேலே நிமிர்ந்து தான் இறங்கின வழியை ஒரு தடவை பார்த்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து வந்து இவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோட்டைச்சாமி பருத்திச் செடிக்குள்ளிருந்து திரும்பி வர நேரமானது. வள்ளித்தாய்தான் வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து அழைத்து வந்தாள். "மருவாதி பண்ணத்தான் நெனச்சோம் சார். இம்புட்டு வெவரம் தெரியாது" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"மரியாதையை ஏன் விடணும்? விசிறியைக் கட்டிப்போட்டுட்டு, வண்டியைத் தார்ப்பாயால மூடிடுவோம். சாயங்காலம் கரடு மேல நின்னு நானே பத்தவைக்கிறேன்" என்றார் குரியன்.

அப்படியே நடந்தது. கோட்டைச்சாமியின் ராக்கெட்டுகள் உண்மையிலேயே பிரமாதம். பச்சையும் சிவப்புமாக வானத்தில் பூத்தன. ஆனால் ஒவ்வொன்று மேலே போகும்போதும் நான் தார்ப்பாய் மூடிய வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஊரில் யாரும் என் வீட்டுக்காரரை ஜிகினா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட நினைத்தால், பருத்திக் காட்டில் ஓடியது ஞாபகம் வந்துவிடும் போல. கோட்டைச்சாமி மட்டும் எங்கேயாவது பார்த்தால், "ஏலே சவரி, வேட்டி இறுக்கமா இருக்கா?" என்று கேட்பார். இவர், "ஒனக்கு எப்பிடிண்ணே?" என்று திருப்பிக் கேட்பார். அதற்குப் பிறகு வந்த கோடைகளிலும் குரியன் இவர் கொடியைப் பார்த்துத்தான் இறங்கினார். பெல்ட் வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

அன்றைக்கு ராத்திரி ராக்கெட் விட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் வேட்டியை வாளியில் முக்கினேன். ஓரத்தில் அவர் குதிகால் மண் அப்படியே பதிந்து, துணி அந்த இடத்தில் கிழிந்திருந்தது. எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் வந்துவிட்டது.

"ஓடுங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். கேக்கல, சரி. ஒங்களுக்கே தெரியலயா? என்ன நெனச்சு அப்பிடி நின்னீக?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எங்கன ஓட? வேட்டிதான் காலுக்கடியில இருந்துச்சே" என்றார்.

"வெளாட்டுப் பேச்சு வேண்டாம்."

அவர் காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"நீ கத்துனது தெரிஞ்சிச்சு, டீச்சர். சத்தம் கேக்கல, வாயப் பாத்தேன். 'ஓடுங்க'ன்னே." குதிகாலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோட்டயத்துலயும் ஒருத்தி வாசல்ல நிப்பால்ல. அந்தாளும் முழுசா வீட்டுக்குப் போகணும்ல."

கையில் இருந்த ஈரத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை, கால், காது, மூக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அப்புறம் உள்ளே போய்ச் சோறு போட்டேன்.